எல்லையில் லாரி நிற்கும் நாள்: வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து பெங்களூருக்கோ ஒட்டன்சத்திரத்திலிருந்து கொச்சிக்கோ முதன்முறை சரக்கு அனுப்பப் போகிறவர்கள் ஜிஎஸ்டி, இ-வே பில், பர்மிட் எல்லாவற்றையும் நன்றாகவே விசாரித்துக்கொள்கிறார்கள். காவிரியோ முல்லைப் பெரியாறோ சூடாகிற வாரத்தில் லாரியை என்ன செய்வது என்று மட்டும் கேட்பதில்லை. அப்படி ஒரு வாரம் வந்துவிட்டால், முழு வருடத்தில் மிச்சம் பிடித்த லாபம் அந்த ஒரு லோடில் போய்விடும். தக்காளி, பூ, முட்டை மாதிரிச் சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் மாநில எல்லையைச் சட்டப்படி மூடுவது மிக அரிது. அரசியலமைப்பின் 301-ஆவது பிரிவு நாடு முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் எல்லை திறந்துதான் கிடக்கிறது. லாரி நிற்பது வேறு காரணங்களால்: சாலையில் ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள், அசம்பாவிதம் நடந்துவிடக் கூடாதென்று போலீஸே வண்டிகளை ஓரங்கட்டுகிறது, அடுத்த மாநிலத்து நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கல் பறக்கிறது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது. உதவுவதெல்லாம் லோடு ஏற்றுவதற்கு முன்பே பேசி, எழுதி வைத்தவைதான்.

உங்கள் வழித்தடத்தில் என்ன சண்டை?

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் சரக்குக்கு ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு பிரச்சினை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது.

கர்நாடகப் பக்கம் காவிரியும் மேகதாதுவும். ஓசூர் ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பிரச்சினை என்றால் முதலில் அடைபடுவது இந்த வாசல்தான். தமிழக அரசுப் பேருந்துகள் ஓசூரோடு நிறுத்தப்பட்டு, பயணிகள் எல்லையை நடந்து கடப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பேருந்து ஓசூரில் நிற்கிறது என்ற செய்தி வந்தால் லாரியும் நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பக்கம் வாளையார், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, புளியரை, களியக்காவிளை என்று வழிகள் நிறைய. அதனால் ஒன்று அடைபட்டால் இன்னொன்று பெரும்பாலும் திறந்திருக்கும். பெரிய பிரச்சினை முல்லைப் பெரியாறு. 2011 டிசம்பரில் குமுளி வழிப் போக்குவரத்து நின்றுபோய், தேனி மாவட்டக் காய்கறி வியாபாரமும் ஏலத்தோட்ட வேலையும் அடிவாங்கின. அதே நாட்களில் வாளையார் தேனியைப் போல முடங்கவில்லை. எனவே கேரளத்துக்கு அனுப்புகிறவர்கள் கையில் எப்போதும் இரண்டு வழி இருக்க வேண்டும். மலைவழியை நம்பியிருக்கிற தேனிக்காரர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

சிறுசிறு உரசல்களும் உண்டு. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிய விவகாரம் பெரிதாகி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளம் லாரிகளை அனுப்பி அதைத் திரும்ப எடுத்துச் சென்றது. அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து வரும் வண்டிகளை எல்லையில் திறந்து பார்ப்பது அதிகமாகிவிட்டது. பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் கோழி, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டிகளைக் கால்நடைத் துறை மடக்கும். கேரளத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நாமக்கல் வண்டிக்கும் மருந்து தெளித்த பிறகே வழி. அரிசி என்றால் ரேஷன் அரிசியா என்ற சந்தேகம். ஜல்லி, எம்-சாண்ட் என்றால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்கிறதா என்ற கேள்வி. கனிமம் கேரளத்துக்குப் போவது கன்னியாகுமரியில் அரசியல் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் அந்தச் சரக்கோடு தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், நம் சண்டையே இல்லாத இடத்திலும் நாம் மாட்டுவோம். நாமக்கல்லிலிருந்து மும்பை போகும் லாரி பெங்களூரு, ஹூப்ளி, பெலகாவி வழியாகப் போகிறது. 2022 டிசம்பர் 6-இல் கர்நாடகத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இடையிலான பெலகாவி எல்லைத் தகராறில் ஹிரேபாகேவாடி டோல் அருகே மகாராஷ்டிர நம்பர் லாரிகள்மீது கல் வீசப்பட்டது. தமிழ்நாட்டு வண்டிக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனால் பின்னால் நிற்கும் வரிசையில் எல்லா மாநில நம்பரும் கலந்துதானே நிற்கிறது.

தேதியைப் பாருங்கள், தீர்ப்பைப் பார்க்காதீர்கள்

எல்லைப் பிரச்சினை திடீரென்று வெடிப்பதாகத்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான சமயம் அது தேதி சொல்லிவிட்டே வருகிறது.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 5-இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தைப் பத்து நாட்களுக்கு நொடிக்கு 15,000 கனஅடி திறக்கச் சொன்னது. செப்டம்பர் 9-இல் கர்நாடக பந்த். இடையில் நான்கு நாள் அவகாசம் இருந்தது. பந்த் முடிந்ததென்று நிம்மதியாக லோடு ஏற்றியவர்கள் மாட்டியது 12-ஆம் தேதி. அன்று நீதிமன்றம் அளவை 12,000 கனஅடியாகக் குறைத்துத்தான் உத்தரவிட்டது. ஆனால் நாட்களை 20-ஆம் தேதிவரை நீட்டியது. பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழ்நாட்டு நம்பர் லாரிகளும், ஒரே பணிமனையில் நின்ற தனியார் பேருந்துகள் பலவும் எரிந்தன. 16-ஆம் தேதி இந்தப் பக்கம் கடையடைப்பு.

உத்தரவு யாருக்குச் சாதகம் என்று கணக்குப் போட்டு லோடு ஏற்றாதீர்கள். வழக்கு பட்டியலில் இருக்கும் நாளே ஆபத்தான நாள். அன்றும் மறுநாளும் உங்கள் வண்டி அந்த நகரத்துக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2023-இலும் இதே கதை: காவிரி மேலாண்மை ஆணையம் நீர் திறக்கச் சொன்னது, செப்டம்பர் 26-இல் பெங்களூரு பந்த், 29-இல் கர்நாடக பந்த். இரண்டும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை.

பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய குறிகள் சில. ஜூலைக் கடைசியில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம் 124.8 அடி என்ற முழு அளவை எட்டியிருந்தால் அந்த வருடம் பெரும்பாலும் அமைதி. எட்டவில்லை என்றால் ஆகஸ்டும் செப்டம்பரும் கவனம். மாதவாரிக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு அதிகத் தண்ணீர் வர வேண்டிய மாதங்கள் அவைதான். காவிரி ஒழுங்காற்றுக் குழு, மேலாண்மை ஆணையம் ஆகியவற்றின் கூட்டத் தேதிகள் செய்தித்தாளிலேயே வந்துவிடும். கேரளத்தில் இன்னொரு வசதி: ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2019 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மீறித் திடீர் ஹர்த்தால் நடப்பதும் உண்டு. ஆகவே உங்கள் சரக்கை வாங்குகிறவரிடமே முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். உள்ளூர் ஆளுக்குத் தெரிந்தது எந்தச் செய்தியிலும் வராது.

பந்த் என்றால் வழக்கமாகக் காலை ஆறு முதல் மாலை ஆறு. பலர் இரவில் கடந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஓசூர் வழியில் அது ஓரளவு நடக்கும். கூடலூர்–மைசூர் வழியில் நடக்காது; பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை 2009 முதலே போக்குவரத்துத் தடை இருக்கிறது. இன்னொன்று, எல்லையைக் கடந்து என்ன பயன்? கேரளத்தில் ஹர்த்தால் அன்று சுமைத்தொழிலாளி வரமாட்டார். நம் ஆட்களை வைத்து இறக்கிவிடலாம் என்று கிளம்பினால் அது வேறொரு பஞ்சாயத்து. (வேலை செய்யாமலே வாங்கும் நோக்குகூலியை 2018 மே முதல் கேரள அரசே தடைசெய்துவிட்டது. இருந்தாலும் இறக்குக்கூலியை வாங்குகிறவர் பொறுப்பில் விட்டுவிடுவதே நல்லது.)

இ-வே பில்லில் ஒளிந்திருக்கும் வசதிகள்

வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பச்சைக் காய்கறி, முட்டை போன்ற வரிவிலக்குச் சரக்குகளுக்குத் தேவையில்லை. ஆனாலும் பில் கையில் இருக்கட்டும். இதெல்லாம் உங்கள் ஆடிட்டர் சொல்லியிருப்பார். பிரச்சினை நாளில் கைகொடுக்கும் விஷயங்களை நான் சொல்கிறேன்.

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது செல்லுபடிக் காலம். அந்த ஒரு நாள், பில் போட்ட தேதிக்கு மறுநாள் நள்ளிரவில் முடிகிறது. கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு இரண்டு நாள் கிடைக்கும். வழியில் ஒரு பந்த் வந்தால் இது போதாது. பில் காலாவதியாகி, வண்டி அதிகாரி கையில் சிக்கினால் வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரை போகலாம்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, நாள் சந்தேகமாக இருந்தால் பகுதி ‘அ’ விவரங்களை மட்டும் பதிந்துவிட்டு, வண்டி நம்பர் போடும் பகுதி ‘ஆ’வை லாரி கிளம்பும் நேரம் வரை நிறுத்திவையுங்கள். வண்டி நம்பர் பதிந்த பிறகுதான் நாள் கணக்கு ஓடத் தொடங்கும். இப்படிப் பதினைந்து நாள் வரை வைத்திருக்கலாம். இரண்டு, வழியில் நின்றுவிட்டால் காலத்தை நீட்டலாம். பில் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரை அந்த வாசல் திறந்திருக்கும். காரணம் கேட்கும் பட்டியலில் சட்டம் ஒழுங்கு என்றே ஒரு காரணம் இருக்கிறது! அதைத் தேர்ந்தெடுத்து, வண்டி நிற்கும் ஊரின் பின்கோடைப் போட வேண்டும். டிரான்ஸ்போர்ட்காரரின் ஐடி பில்லில் இருந்தால் நீட்டுவது அவர் வேலை, நீங்கள் செய்ய முடியாது. நடுராத்திரி முடியும் பில்லை நீட்ட புக்கிங் ஆபீஸில் யார் விழித்திருப்பார் என்பதை லோடு ஏற்றும்போதே கேட்டுவையுங்கள்.

வண்டி மாற்றினால் பகுதி ‘ஆ’வில் புது நம்பரைப் பதிந்தால் போதும், புதுப் பில் வேண்டாம். சுற்றுவழியில் போவதாக முன்பே தெரிந்தால், தளம் காட்டும் தூரத்தைவிடப் பத்து சதவீதம் வரை கூட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

வாடகை பேசும்போதே இதையும் பேசுங்கள்

தகராறு வருவதெல்லாம் இங்கேதான். சரக்குக்காரர் நினைப்பது, வாடகை கொடுத்தாயிற்று, கொண்டுபோய்ச் சேர்ப்பது லாரிக்காரர் பாடு. லாரிக்காரர் நினைப்பது, ரோடு அடைத்ததற்கு நான் என்ன செய்வேன், ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான கூலி) கொடு. இரண்டு பேரும் அவரவர் நிலையில் சரிதான். சட்டம் யார் பக்கம் என்றால், சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் 17-ஆம் பிரிவு, கலவரத்தாலோ அரசு போட்ட தடையாலோ வந்த இழப்புக்கு லாரி கம்பெனி பொறுப்பல்ல என்கிறது. கம்பெனி கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விதிவிலக்கு. பொறுப்பு வந்தாலும், சரக்கின் மதிப்பை முன்பே அறிவித்து, கம்பெனியின் கூடுதல் ஆபத்துக் கட்டணத்தையும் தர ஒப்புக்கொள்ளாவிட்டால் வாடகையின் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது. 20,000 ரூபாய் வாடகைக்கு ஏற்றிய 15 லட்ச ரூபாய் சரக்கு போனால் இரண்டு லட்சம்தான் உச்சம்.

அதனால் எல்.ஆர். (லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீது) போடும்போது சரக்கின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள், கூடுதல் ஆபத்துக் கட்டணத்தையும் கேளுங்கள். கூடவே, வாட்ஸாப்பிலாவது, நான்கு விஷயத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரக் காத்திருப்பு இலவசம், அதன்பின் நாளொன்றுக்கு ஹால்டிங் எவ்வளவு, சுற்றுவழியில் போனால் கூடுதல் டீசலும் டோலும் யார் கணக்கு, திரும்பி வந்துவிட்டால் வாடகையில் எத்தனை பங்கு. இந்த நான்காவதைப் பேசாமல் விடுகிறவர்கள் அதிகம். பாதி வழியில் திரும்பிய வண்டிக்கு முழு வாடகை கேட்டால் வாக்குவாதம் முடியவே முடியாது.

பிரச்சினை மாதங்களில் எந்த நம்பர் வண்டி என்பதும் முக்கியம். கர்நாடகத்துக்குக் கேஏ நம்பர், கேரளத்துக்குக் கேஎல் நம்பர் வண்டியைப் பிடிப்பது பலரும் செய்வதுதான். அங்கிருந்து லோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடு தேடும் வண்டிகள் எப்போதும் இருக்கும். வாடகையும் சில சமயம் குறையும். ஆனால் கொதிப்பு இரண்டு பக்கமும் இருந்தால் அந்த வண்டிக்கு நம் ஊரில் ஆபத்து. அப்போது ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வண்டி மாற்றுவதே வழி. மாற்றும்போது பெட்டி எண்ணிக்கைக்கு இரண்டு டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு போவதோ போலி நம்பர் மாட்டுவதோ வேண்டவே வேண்டாம். அது குற்றம், பிடிபட்டால் காப்பீடும் கைவிரித்துவிடும்.

காப்பீடு: இரண்டு தனித்தனிச் சங்கதி

லாரிக்கு இருக்கும் இன்சூரன்ஸ் உங்கள் சரக்குக்கு இல்லை. லாரியின் முழுக் காப்பீட்டில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் எல்லாம் அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் எரிந்த லாரிக்கு ஒன்றும் வராது. சரக்குக்கு நீங்கள்தான் டிரான்சிட் பாலிசி எடுக்க வேண்டும். எல்லா ஆபத்தும் அடங்கும் என்று விற்கப்படும் பாலிசியில்கூடக் கலவரமும் வேலைநிறுத்தமும் தானாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஏஜென்டிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை.

அதைச் சேர்த்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தாமதத்தால் கெட்டுப்போன சரக்குக்கு எந்தக் காப்பீடும் பணம் தராது. தக்காளி லாரியைக் கொளுத்தினால் கிளெய்ம் உண்டு. இரண்டு நாள் ஓசூரில் நின்று தக்காளி அழுகினால் இல்லை. அழுகும் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு உள்ள ஒரே காப்பீடு, சந்தேகமான நாளில் லோடு ஏற்றாமல் இருப்பதும், பக்கத்திலேயே தள்ளுபடியில் எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரியைப் பிடித்துவைப்பதும்தான். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மண்டிகளில் பழக்கம் வைத்திருந்தால் பாதி விலையாவது தேறும்.

நின்றே விட்டால்

டிரைவருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டியது: வண்டியைத் திருப்பும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் ‘கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணே’ என்று சொல்லி எரிந்த வண்டிகள் உண்டு.

நிற்கும் இடம் முக்கியம். எல்லையில் வரிசையில் சேர்ந்துவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கிருஷ்ணகிரி அல்லது சூளகிரியிலேயே நிறுத்துவது நல்லது. வெளிச்சமும் ஆளும் உள்ள பெட்ரோல் பங்க், டோல் பிளாசா அருகில். கேரளப் பக்கம் என்றால் வாளையார் வரை போகாமல் கோவைப் புறவழிச்சாலையிலேயே நின்றுவிடலாம். அந்தப் பக்கம் ஏற்கெனவே போய்விட்ட வண்டி, ஊருக்குள் வராமல் தொழிற்பேட்டைக் கேட்டுக்குள் ஒதுங்கட்டும். பெரிய தொழிற்சாலைகள் தங்களுக்கு வரும் லோடை உள்ளே விடும். அவசரத்துக்கு 112.

சுற்றிப் போவதா, காத்திருப்பதா? பெங்களூருக்குள்ளேயே இறக்க வேண்டிய சரக்கு என்றால், குப்பம் வழியாகவோ சித்தூர்–முல்பாகல் வழியாகவோ ஆந்திராவைச் சுற்றிப் போவதில் அதிகப் பயனில்லை. கடைசியில் அதே நகரத்துக்குத்தான் நுழைய வேண்டும். ஹைதராபாத், நாக்பூர் போகும் சரக்கு என்றால் ஆந்திர வழியையே முதலில் பிடித்துவிடுங்கள். மும்பை லோடுக்குக் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்: கூடுதல் டீசலும் படியும் இரண்டு நாள் ஹால்டிங்கைவிடக் குறைவா என்று.

மத்திய அரசு உடனே வழிதிறந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். 2021 ஜூலை 26-இல் அசாம்–மிசோரம் எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, மிசோரத்துக்கு உயிர்நாடியான தேசிய நெடுஞ்சாலை 306 லைலாப்பூரில் அடைபட்டது. மருந்து, எரிபொருள் லாரிகளே நின்றன. ஆகஸ்ட் 5-இல் இரு மாநில அமைச்சர்களும் ஐஸாலில் கூட்டறிக்கை விட்ட பிறகும் லாரிகள் உடனே நகரவில்லை. 2020 மார்ச்சில் கர்நாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி மூடியபோதும் விஷயம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றத்தில் ஜெயிக்கும் வழக்கு உங்கள் சரக்கைக் காப்பாற்றும் வேகத்தில் முடியாது.

கப்பல் பிடிக்க வேண்டியவர்கள்

ஏற்றுமதிச் சரக்குக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் உள்ளே போக வேண்டிய கட்-ஆஃப் நேரம் இருக்கிறது. அது தவறினால் அடுத்த கப்பல்தான். வாங்குகிறவர் தள்ளுபடி கேட்பார், சில நேரம் விமானத்தில் அனுப்பச் சொல்வார். திருப்பூர், கோவைக்காரர்களுக்குக் கொச்சியும் தூத்துக்குடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஹர்த்தால் பேச்சு அடிபடும் வாரத்தில் மாநில எல்லையே தாண்டாத தூத்துக்குடி நிம்மதி. ஆனால் முடிவைச் சீக்கிரம் எடுங்கள். ஷிப்பிங் பில்லை (சுங்கத் துறைக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) ஒரு துறைமுகத்துக்குப் போட்ட பிறகு மாற்றுவது வேலை மேல் வேலை. பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒயிட்ஃபீல்டு கண்டெய்னர் டிப்போவிலிருந்து ரயில் உண்டு. சாலை அடைபடும் நாட்களில் ரயில் பெரும்பாலும் ஓடும், ரயில் மறியல் அறிவிக்கப்பட்ட நாள் நீங்கலாக. அவசர வாரத்தில் ரயிலில் இடம் கிடைக்காது. முன்பதிவு முன்பே வேண்டும்.

சேதம் நடந்துவிட்டால்

வண்டி பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் முதல் வேலை போட்டோ: நம்பர் பிளேட், தார்ப்பாய், சரக்கு, டோல் ரசீது எல்லாம். சேதம் நடந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் வாங்க வேண்டும். நம் ஊருக்கு வந்து கொடுக்கலாம் என்று தள்ளினால் காப்பீட்டில் கேள்வி வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே போன், கூடவே மின்னஞ்சல். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை கெட்ட சரக்கைக் கொட்டிவிடாதீர்கள். சரக்கு வாங்க வேண்டியவர், டெலிவரி எடுக்கும் எல்.ஆர். காப்பியில் ‘சேதத்துடன் பெறப்பட்டது’ என்று எத்தனை பெட்டி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் பேச இடமில்லை. லாரி கம்பெனிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் எண்ணமிருந்தால், சரக்கு புக்கிங் ஆன தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கணக்கு தொடங்குவது சேதமான நாளிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை எல்.ஆரோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.